பாதத்தில் காய்ப்பும் ஆணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரிழிவு உள்ளவர்களின் பாதங்களைப் பரிசோதிக்கும் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். புண்ணுக்குக் கட்டுப் போட வருபவர்களும், அவர்களோடு துணைக்கு வருபவர்களும், தங்கள் காலை நீட்டிக் கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாகத் தொகுத்திருக்கிறேன்.

உள்ளங்கால்ல ஒரு இடம் மட்டும் காய்ச்சுப்போய்க் கெட்டியா இருக்கு. இது ஏதாவது வியாதியா?

பெரும்பாலும் இல்லை. தோலின் ஒரே இடத்தில் அழுத்தமோ உராய்வோ நாள்தோறும் விழுந்துகொண்டிருந்தால், மேல்தோலின் அடியடுக்கில் உள்ள செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகுகின்றன. அவை மேலே வந்து, கெரட்டின் என்னும் கெட்டிப் புரதம் நிறைந்த இறந்த செல்களாக மாறிய பிறகு, உதிர வேண்டிய வேகத்தில் உதிராமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கிவிடுகின்றன. அந்தத் தேக்கமே காய்ப்பு. அடியில் இருக்கும் மென்மையான திசுக்களைக் காப்பதற்குத் தோல் தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

அழுத்தம் எவ்வளவு என்பதைப் போலவே, அது எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதும் முக்கியம். வெறுங்காலோடு நடந்து பழக்கமில்லாத ஒருவர் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஓர் இரவில் சுற்றி வந்தால் அவருக்குக் கொப்புளம்தான் வரும். அதே பாதையில் ஆண்டுக்கணக்காக நடப்பவருக்குக் காய்ப்பு வரும். திடீர் உராய்வில் தோலின் அடுக்குகள் பிரிந்து நீர் கோக்கின்றன. மெதுவான உராய்வில் தோல் தடிப்பதற்கு அவகாசம் கிடைக்கிறது.

காய்ப்பு இருந்தா என்னென்ன தெரியும்? வலி இருக்குமா?

தோல் மஞ்சள் கலந்த அல்லது பழுப்பு நிறத்தில் தடித்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அதன் ஓரம் சுற்றியுள்ள தோலோடு படிப்படியாகக் கலந்துவிடுவதால், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. பாதரேகைகள் அதன்மேல் தொடர்ந்து ஓடும். விரலால் அழுத்தினால் பக்கத்துத் தோலைவிட உணர்வு சற்றுக் குறைவாக இருக்கும். மெல்லிய காய்ப்பு பெரும்பாலும் வலிக்காது.

அது மிகவும் தடித்த பிறகு நிலைமை மாறுகிறது. கெட்டியான அந்தத் தோலே நடக்கும்போது உள்ளிருந்து அழுத்தும் பொருளாகிவிடுவதால், நீண்ட நேரம் நின்றாலோ நடந்தாலோ எரிச்சல் தோன்றும். செருப்புக்குள் கல் மாட்டிக்கொண்டதைப் போல இருக்கிறது என்றே பலர் சொல்கிறார்கள். சுற்றிலும் சிவந்து, சூடாக இருந்து, நீர் கசிந்தால் அது வெறும் காய்ப்பு அன்று. கிருமித் தொற்று சேர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

அப்போ கால் ஆணின்னு சொல்றது இதைத்தானா?

இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. ஆனால் வடிவம் வேறு. காய்ப்பு பரந்து கிடக்கும். ஆணி சிறியது, வட்டமானது, ஓரம் தெளிவாகத் தெரிவது. அதன் நடுவில் கண்ணாடி போன்ற கெட்டியான ஒரு மையம் கூம்பு வடிவில் உள்நோக்கி இறங்கியிருக்கும். அந்தக் கூம்பின் முனை அடித்தோலில் உள்ள நரம்பு நுனிகளை அழுத்துவதால்தான் கால் வைக்கும்போது சுருக்கென்று குத்துகிறது. எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், குறுகிய பரப்பில் அழுத்தம் குவிந்தால் ஆணி உருவாகும். பரந்த காய்ப்பின் நடுவிலேயே ஓர் ஆணி ஒளிந்திருப்பதும் உண்டு. மேல்தோலைச் சீவிய பிறகுதான் அது வெளிப்படும்.

சின்ன வயசுல முள்ளு குத்தி உள்ளேயே உடைஞ்சிருச்சு. அதான் ஆணியா வளருதுன்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை எனலாம். சாதாரண ஆணி உருவாக முள் தேவையில்லை. அதற்கு வேரும் கிடையாது. வேர் என்று மக்கள் நினைப்பது மேலே சொன்ன கூம்பு வடிவ மையத்தைத்தான், அதுவும் இறந்த தோலே. ‘வேரோடு பிடுங்கி எடுத்துவிடுகிறேன்’ என்று தெருவில் வருபவர்களிடம் காலைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் உண்மையும் இருக்கிறது. சீமைக் கருவேல முள், ஈச்சமுள் போன்றவற்றின் நுனி உடைந்து உள்ளே தங்கினால், உடல் அதைச் சுற்றித் திசுவை வளர்த்து ஒரு கட்டியை உண்டாக்கக்கூடும். மேல்தோலின் துணுக்கு உள்ளே தள்ளப்பட்டு நீர்க்கட்டி போல வளர்வதும் உண்டு. எடை விழாத இடத்தில், முள் குத்திய நினைவோடு, ஒற்றை வலிக் கட்டி இருந்தால் மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. மரமுள் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி செருப்புதான் போடுறோம். எனக்கு மட்டும் ஏன் வருது?

செருப்பு பாதிக் காரணம். அதற்குள் இருக்கும் பாதம் மறுபாதி. பாதத்தின் எலும்பமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பாதத்தின் வளைவு தாழ்ந்த தட்டைப்பாதம் உள்ளவர்கள் நடக்கும்போது பாதம் உட்புறமாகச் சரிவதால், பெருவிரலின் உள்பக்கத்தில் தோல் தடிக்கும். வளைவு மிக உயர்ந்திருந்தால் நடுப்பாதம் தரையைத் தொடாது. முழு எடையும் குதிகாலிலும் முன்பாதத்திலும் விழும். பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்திருந்தால், பெருவிரல் சுமக்க வேண்டிய பாரம் இரண்டாம் விரலின் அடிக்கு மாறிவிடும். விரல்கள் சுத்தியல்போல வளைந்திருந்தால் அவற்றின் முதுகு ஷூவின் மேற்பகுதியில் உரசும்.

வயதும் ஒரு காரணம். முன்பாதத்தின் அடியிலும் குதிகாலின் அடியிலும் இயற்கையாக இருக்கும் கொழுப்பு மெத்தை வயதாக ஆக மெலிந்தும் இடம் நகர்ந்தும் போகிறது. இளமையில் தொல்லை தராத அதே செருப்பு அறுபது வயதில் காய்ப்பைத் தருவது இதனால்தான். உடல் எடை கூடுவது, காலில் முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவு, ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பது, முடக்குவாதத்தால் மூட்டுகள் கோணுவது ஆகியவையும் பாரம் விழும் இடத்தை மாற்றுகின்றன.

செருப்பைப் பொறுத்தவரை, முனை குறுகியது விரல்களை நெருக்கும். உயர்ந்த குதிகால் எடையை முன்பாதத்துக்குத் தள்ளும். தளர்ந்த செருப்பும் நல்லதன்று என்பது பலருக்கு வியப்பளிக்கிறது. அதற்குள் கால் ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் வழுக்குவதால் உராய்வு கூடுகிறது. தேய்ந்து மெலிந்த ரப்பர் செருப்பை ஆண்டுக்கணக்கில் போடுவதும், காலுறை இல்லாமல் ஷூ அணிவதும், உள்தையல் துருத்திய ஷூவும் இதே வரிசையில் சேர்பவை. மெட்டி இறுகி அடுத்த விரலில் உரசும் இடத்தில் தோல் தடித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

எந்த இடத்துல வந்திருக்குன்னு பார்த்தே காரணம் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மேலே சொன்னவற்றைத் திருப்பிப் படித்தால் போதும். இரண்டாம் விரலின் அடியில் என்றால் பெருவிரல் தன் பங்கைச் சுமக்கவில்லை. பெருவிரலின் உள்பக்கம் என்றால் பாதம் உள்ளே சரிகிறது. பெருவிரலின் அடியிலும் சுண்டுவிரலின் அடியிலும் மட்டும் என்றால் வளைவு உயர்ந்த பாதமாக இருக்கலாம். சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் வருவது பெரும்பாலும் குறுகிய ஷூவால். குதிகாலின் விளிம்பைச் சுற்றி என்றால் பின்பக்கம் திறந்த செருப்பும், நீண்ட நேரம் நிற்கும் வேலையும், உலர்ந்த தோலும் சேர்ந்திருக்கும்.

நம் பழைய செருப்பைத் திருப்பி அதன் அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் உதவும். மருத்துவரிடம் போகும்போது புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகாமல், அன்றாடம் போடும் பழையதை எடுத்துச் செல்லுங்கள்.

கணுக்கால் எலும்பு மேல கறுப்பா, தடிப்பா இருக்கு. நடக்கும்போது அந்த இடம் தரையிலயே படாதே?

நடக்கும்போது படாது; உட்காரும்போது படும். சம்மணம் போட்டுத் தரையில் உட்காரும் வழக்கம் உள்ளவர்களுக்குக் கணுக்காலின் வெளிப்புற எலும்பும் பாதத்தின் வெளிவிளிம்பும் தரையில் அழுந்துகின்றன. தரையில் அமர்ந்து பூக்கட்டுபவர்கள், பீடி சுற்றுபவர்கள், தையல் வேலை செய்பவர்கள், நாள்முழுதும் பாடம் சொல்பவர்கள் ஆகியோரிடம் இதைக் காணலாம். மண்டியிட்டுத் தொழுபவர்களுக்கு முழங்காலிலும் பாதத்தின் மேற்பக்கத்திலும் இதுபோல வரும். தடித்த தோலில் நிறமியும் கூடுவதால் கறுத்துத் தெரிகிறது. தடித்த விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்வதும், உட்காரும் நிலையை அவ்வப்போது மாற்றுவதும் போதுமானவை. அந்த இடம் மெத்தென்று வீங்கி நீர் கோத்ததுபோல் இருந்தால் மட்டும் காட்ட வேண்டும்.

எங்க தாத்தா கடைசிவரை செருப்பே போட்டதில்லை. அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லையே?

இருக்காது என்பதில் வியப்பில்லை. வெறுங்காலில் நடப்பவருடைய உள்ளங்கால் முழுவதும் ஏறக்குறையச் சீராகத் தடிக்கிறது. விரல்கள் நெருக்கப்படுவதில்லை. தொல்லை தருவது பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் குவியும் தடிப்பே. 2019ஆம் ஆண்டு நேச்சர் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களையும் செருப்பணிபவர்களையும் ஒப்பிட்டது. வெறுங்கால்காரர்களின் காய்ப்பு தடித்திருந்தும், நடக்கும்போது தரையை உணரும் திறன் அதனால் குறையவில்லை என்று அது கண்டது. பரதநாட்டியம் ஆடுபவர்களின் பாதத்தையும் இதோடு சேர்த்து எண்ணலாம். தட்டடவு பழகப் பழக அடித்தோல் தடிப்பது அவர்களுக்குக் காப்பே.

இதை வைத்துக்கொண்டு எல்லோரும் செருப்பைக் கழற்றிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். தாத்தாவுக்குக் காலில் உணர்வு இருந்தது. அது இல்லாதவர்களைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆணின்னு நினைச்சு மருந்து போட்டேன். இப்போ டாக்டர் மருன்னு சொல்றார். எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிறது?

மூன்று அடையாளங்கள் உள்ளன. முதலாவது ரேகை: காய்ப்பிலும் பெரும்பாலான ஆணிகளிலும் பாதரேகைகள் அதன்மேலோ அதை ஒட்டியோ ஓடும், மருவில் அவை அறுபட்டு, அதைச் சுற்றி விலகிப் போகும். இரண்டாவது வலி: ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும், மருவை இரு பக்கத்திலிருந்தும் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும். மூன்றாவது, மேல்தோலைச் சீவினால் மருவில் கடுகிலும் சிறிய கரும்புள்ளிகளும் புள்ளி புள்ளியான இரத்தக்கசிவும் தெரியும். அவை அடைபட்ட நுண்ணிய இரத்தக்குழாய்கள். ஆணியில் ஒளி ஊடுருவும் கெட்டி மையம் மட்டுமே இருக்கும்.

இந்த வேறுபாடு முக்கியமானது. மரு மனிதப் பாப்பிலோமா வைரஸால் வருவது. ஈரமான குளியலறைத் தரை, நீச்சல்குளம், பொதுவில் பயன்படுத்தும் துண்டு வழியாகப் பரவக்கூடியது. அழுத்தமே இல்லாத இடத்திலும் வரும். காய்ப்பும் ஆணியும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. சிறுபிள்ளையின் பாதத்தில் ‘ஆணி’ என்று கூட்டி வரும்போது, அது பெரும்பாலும் மருவாகவே இருக்கிறது.

சுண்டுவிரல் இடுக்குல வெள்ளையா ஊறிப்போய் வலிக்குது. சேத்துப்புண் மருந்து போட்டும் போகலையே?

அது மென் ஆணியாக இருக்கலாம். நான்காம் விரலின் எலும்பும் சுண்டுவிரலின் எலும்பும் ஒன்றோடொன்று அழுந்தும் இடத்தில் ஆணி உருவாகி, விரலிடுக்கின் வியர்வையில் ஊறி வெளுத்து மெத்தென்று ஆகிவிடுகிறது. சேற்றுப்புண்ணும் அதே இடுக்கில் வருவதால் குழப்பம் இயல்பே. சேற்றுப்புண்ணில் அரிப்பும், தோல் உரிதலும், நாற்றமும் மிகுதி; பல இடுக்குகளுக்குப் பரவும். மென் ஆணியில் வலியே மிகுதி. ஒரே புள்ளியில் நிற்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அகலமான செருப்புக்கு மாறி, இடுக்கைத் துடைத்து உலர்த்தி, விரல்களுக்கு நடுவே மென்மையான தடுப்பு வைத்துப் பார்த்தால் சில வாரங்களில் விடை தெரிந்துவிடும்.

குதிகால் பித்தவெடிப்பும் காய்ப்பும் ஒண்ணா?

வெடிப்பு பெரும்பாலும் காய்ப்பின் அடுத்த கட்டம். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு, எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. குதிகாலின் விளிம்பில் தோல் தடித்து உலர்ந்தால் நெகிழ்வுத்தன்மையை இழந்துவிடும். எடை விழும்போது குதிகாலின் கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் விரியும், தோல் விரியாமல் பிளக்கும். பித்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தடிப்பைக் குறைத்து ஈரப்பதம் சேர்த்தால்தான் பிளவு மூடும். பிளவுக்குள் மட்டும் மருந்தை அடைத்துப் பயனில்லை.

எனக்குச் சர்க்கரை இருக்கு. ஒரு காய்ப்புக்கு ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க?

இந்தப் பக்கத்தை எழுதியதே பெரும்பாலும் இந்தக் கேள்விக்காகத்தான். நீண்டநாள் நீரிழிவு காலின் மூன்று வகை நரம்புகளையும் கெடுக்கக்கூடும். தசையை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் வளைந்து முன்பாத எலும்புகள் கீழே துருத்தும். அதனால் அழுத்தம் கூடும். வியர்வையை ஆளும் நரம்பு கெட்டால் தோல் உலர்ந்து வெடிக்கும். உணர்வு நரம்பு கெட்டால் இவை எதுவும் வலிக்காது. வலி இருப்பவர் தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்வார், செருப்பைக் கழற்றுவார், உட்காருவார். வலி இல்லாதவர் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான அடிகளை வைத்துக்கொண்டே போவார். தடித்த தோலின் அடியில் திசு நசுங்கி, இரத்தம் கசிந்து, புண்ணாகி, வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும். காய்ப்பை முறையாகச் சீவி எடுத்தாலே அந்த இடத்தின் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பாடத்தின் ஒரு பகுதி வேலூரில் கற்கப்பட்டது. தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்களுக்குக் கிருமியே நேர்க் காரணம் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், உணர்வற்ற காலில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணை உண்டாக்குகிறது என்று எடுத்துக்காட்டினார். இன்று நீரிழிவு உள்ளவர்களுக்கு நாம் எழுதித் தரும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பும் தொழுநோய்ப் பராமரிப்பிலிருந்து வந்ததே. நுண்ணிய காற்றறைகள் கொண்ட அந்த ரப்பர் அழுத்தத்தைப் பரவலாக்குகிறது.

உங்கள் காலில் உணர்வு இருக்கிறதா என்பதை, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் தொட்டு ஓரிரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் செய்துகொள்ளுங்கள். காய்ப்பின் நடுவில் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, காலுறையில் ஈரக்கறை இருந்தாலோ அன்றே வர வேண்டும், மறுவாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

பிளேடு வெச்சுச் சீவுறேன், கார்ன் கேப் ஒட்டுறேன். சிலர் எருக்கம்பால் வைக்கச் சொல்றாங்க. எது சரி?

பிளேடு வேண்டாம், யாருக்குமே. எவ்வளவு ஆழம் போகலாம் என்பது தன் காலைக் குனிந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எருக்கம்பாலும் சேராங்கொட்டையும் தோலைப் பொசுக்குபவை. தடித்த தோலோடு நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கும். எருக்கம்பால் பட்ட கையால் கண்ணைத் தொட்டால் கருவிழியே பாதிக்கப்படலாம்.

கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம், பெரும்பாலும் 40 விழுக்காடு. அது கெரட்டினைத் தளர்த்தும். ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. காலில் உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவர்கள், வட்டம் ஆணியைவிடப் பெரிதாக இல்லாதவாறு, உறையில் எழுதியபடி பயன்படுத்தலாம். நீரிழிவு உள்ளவர்களும் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் அதைத் தொடவே கூடாது. கார்ன் கேப் ஒட்டிய இடத்தில் குழிப்புண்ணோடு வருபவர்களை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போ வீட்டுல என்னதான் செய்யலாம்?

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, நுரைக்கல்லால் ஒரே திசையில் மென்மையாகத் தேய்த்து, துடைத்து உலர்த்தி, யூரியா கலந்த களிம்பைத் தடவுங்கள். விரலிடுக்கில் களிம்பு வேண்டாம். ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிட முயலாமல், வாரத்தில் சில நாள் என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுவதில் தவறில்லை. ஈரத்தைத் தக்கவைக்கும், தடிப்பைக் கரைக்காது. சர்க்கரை உள்ளவர்கள் காலை ஊறவைப்பதையும் நுரைக்கல்லையும் தவிர்த்து, களிம்போடு நிறுத்திக்கொண்டு, சீவுவதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

புதுச் செருப்பை மாலையில் வாங்குங்கள். பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

ஆபரேஷன் பண்ணி எடுத்தும் திரும்ப வந்திருச்சு. சரியா எடுக்கலையா?

எடுத்தவர் மேல் குறை சொல்ல வேண்டியதில்லை. தோலை மட்டும் எடுத்து, அடியில் துருத்தும் எலும்பையும் மேலே நெருக்கும் செருப்பையும் அப்படியே விட்டால், புதுத்தோலும் பழையபடியே தடிக்கும். உள்ளங்காலில் அறுத்த தழும்பே எடை விழும் இடத்தில் இருந்தால் அதுவும் வலிக்கும். அதனால் முதலில் செருப்பு, பிறகு பாரத்தைப் பங்கிடும் உள்மெத்தை. அவை பயன்படாமல் விரலோ எலும்போ உண்மையிலேயே கோணியிருந்தால்தான் அதைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சை.

ரெண்டு உள்ளங்காலும் உள்ளங்கையும் சேர்ந்தே தடிச்சிருக்கு. இதுவும் காய்ப்பா?

இருக்க வாய்ப்புக் குறைவு. அழுத்தத்தால் வருவது அழுத்தம் விழும் இடத்தில்தான் நிற்கும். கையும் காலும் சேர்ந்து தடித்தால் சோரியாசிஸ், நாள்பட்ட எக்சிமா, பூஞ்சைத் தொற்று ஆகியவற்றை நினைக்க வேண்டும். குழந்தைப் பருவம் முதலே இருந்து குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருந்தால் அது மரபுவழித் தோல் தடிப்பு. ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரை நெடுநாள் குடித்தவர்களுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தானியமணிகளைப்போல முண்டுமுண்டாகத் தடிக்கும். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் இது பெரிய பிரச்சினை. இவற்றுக்குத் தோல் மருத்துவரே சரியானவர்.

காய்ப்பு கறுப்பா மாறிட்டு வருது. பயப்படணுமா?

ஓடுபவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் குதிகாலில் தோலுக்குள் சிறிது இரத்தம் கசிந்து கரும்புள்ளிகளாகத் தெரிவது உண்டு. மேல்தோலைச் சீவினால் அவை போய்விடும். ஆனால் கறுப்புப் படலம் மெல்ல விரிந்துகொண்டே போனாலோ, ஓரம் ஒழுங்கற்று, நிறம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருந்தாலோ, ஆறாத புண்ணாக மாறினாலோ தாமதிக்கக் கூடாது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் வரும்போது, உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றுவதே மிகுதி. அது அரிதானது, அரிது என்பதாலேயே காய்ப்பு, மரு என்று மாதக்கணக்கில் மருந்து போட்டுக் காலம் கடத்திவிடுகிறார்கள்.

எனக்குச் சர்க்கரை இல்லை, வலியும் இல்லை. அப்படியே விட்டுடலாமா?

விட்டுவிடலாம். வெட்டவும் சீவவும் எந்தக் கட்டாயமும் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்பது பரிசோதித்துத் தெரிந்ததா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்; காலில் ஆறாத புண் வந்த பிறகே தனக்குச் சர்க்கரை இருப்பதை அறிந்தவர்களும் எங்களிடம் வருகிறார்கள்.